காத்திருக்காமல் இருக்க ஒரு வழி

"காத்திருக்காம இருக்க ஒரு வழி சொல்லுங்க, சிஸ்டர்."

சிஸ்டர் அமலி நிமிர்ந்து பார்க்கவில்லை. சிற்றாலயத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, சிமெண்டு மூட்டைக் காகிதத்தைக் கசக்கிப் பாறை செய்துகொண்டிருந்தாள். கிறிஸ்துமஸ் குடிலுக்கான பாறை. முழங்கை வரைக்கும் மைதாப் பசை.

"எதுக்குக் காத்திருக்காம?"

மெட்டில்டா முந்தானையை வயிற்றின் மேல் இழுத்துவிட்டாள். இழுத்து மூடினால் மறைகிற வயிறா அது? எட்டாவது மாதம்.

"ஓ," என்றாள் சிஸ்டர். "அந்த நாற்காலியில உட்காருங்கக்கா. அது ஆடும். சுவத்தோட ஒட்டிப் போட்டுக்கோங்க."

கான்வென்ட் பள்ளியில் அமலி, மெட்டில்டாவுக்கு மூன்று வகுப்பு கீழே படித்தவள். செப நேரத்தில் சிரித்துவிட்டு வெயிலில் முழங்கால் போட்டு நின்றவள். இப்போது மலையடிவாரத்தில் இந்தச் சின்ன ஆலயத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் இவளைத் தேடி வருகிறார்கள். பெரிதாக ஒன்றும் சொல்லமாட்டாள் என்றுதான் போனவர்கள் எல்லாரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு மறுபடியும் போனார்கள்.

"காலைப் பூசையிலேருந்து பாதியில எந்திரிச்சு வந்துட்டேன்," என்றாள் மெட்டில்டா.

"ஏன்?"

"இன்னைக்குத் திருவருகைக் காலம் ஆரம்பமாம், கிறிஸ்துமஸ் வரைக்கும் காத்திருக்கணுமாம். முதல் மெழுகுவர்த்தி ஏத்தியாச்சாம். ஆயத்தமா இருங்க, விழிச்சிருங்கன்னு சாமியார் பிரசங்கம் வச்சாரு. எனக்கு அது ஆகாது, சிஸ்டர். ஒரு தடவை ஆயத்தமா இருந்து பார்த்தாச்சு."

சிஸ்டர் இன்னொரு காகிதத்தை எடுத்தாள்.

"போன தடவை எல்லாம் தயாரா இருந்துச்சு. பேரு யோசிச்சாச்சு. தொட்டிலுக்குக் கொக்கி அடிச்சு, சேலை கட்டி, அவரு அதுல ஒரு அரிசி மூட்டையைப் போட்டு ஆட்டிக்கூடப் பார்த்துட்டாரு, தாங்குதான்னு. வீடே தயார். பிள்ளை மட்டும் வெளியே வந்து மூச்சு விடல."

அவள் அதை அழாமல் சொன்னாள். பல தடவை மனதுக்குள் சொல்லிப் பழகியிருந்தாள்.

"வீட்டுக்கு வந்தா தொட்டில் தொங்குது. அதை யாரு அவுக்கிறதுன்னு யாருக்கும் தெரியல. மூணு மாசம் தொங்குச்சு. எல்லாரும் குனிஞ்சு குனிஞ்சு போனோம்."

"இந்தத் தடவை?"

"ஒண்ணும் கிடையாது. வளைகாப்பு வேண்டாம்னுட்டேன். ஒரு துணி, ஒரு சோப்பு வீட்டுக்குள்ள வரக் கூடாது. அவரு ஆசைப்பட்டு ஒரு கிலுகிலுப்பை வாங்கிட்டு வந்தாரு. கொண்டுபோய்க் கடையிலயே குடுத்துருங்கன்னேன்."

"குடுத்தாரா?"

"இல்ல. அவரு மினி பஸ்லதானே டிரைவரு. பஸ்ல அழுத ஏதோ ஒரு பிள்ளைக்குக் குடுத்துட்டாராம்."

சிஸ்டர் அமலிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"டாக்டர் என்ன சொல்றாங்க?"

"சாப்பிட்டதும் இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு, பிள்ளை எப்படி அசையுதுன்னு கவனின்னு சொல்றாங்க. போறப்பல்லாம் அதே கேள்வி. அசையுதான்னு கேப்பாங்க. அசையுதுன்னு சொல்லிருவேன்."

"அசையுதா?"

"அசையத்தானே செய்யும்? நான் பார்க்கிறதில்ல. படுத்தா ரேடியோவைப் போட்டுக்குவேன். கவனிச்சேன்னா எதிர்பார்க்க ஆரம்பிச்சிருவேன், சிஸ்டர். வந்தா வரட்டும். இல்லையா, எனக்குத் தெரியாமலேயே நடந்து முடிஞ்சு போகட்டும்."

பசை பூசிய கைகள் நின்றன. சிஸ்டர் அவளை அப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

"அது கஷ்டமான வித்தைக்கா. பழகணும்."

எழுந்து போய் ஒரு தகரத் தட்டோடு வந்தாள். தட்டு நிறைய ஈர மண். மண்ணுக்குள் கேழ்வரகு விதைத்திருந்தது. குடிலைச் சுற்றிப் புல்வெளி மாதிரி வைப்பதற்கு எல்லாரும் போடுகிற முளைதான்.

"இதை வீட்டுக்குக் கொண்டு போங்க."

"எதுக்கு?"

"பழகத்தான். இது முளைக்கணும்னு நினைக்கக் கூடாது. முளைக்காதுன்னும் நினைக்கக் கூடாது. திரும்பியே பார்க்கக் கூடாது."

"தண்ணி?"

சிஸ்டர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"பார்த்தீங்களா. வாசலைக்கூடத் தாண்டல."

*

மெட்டில்டா தட்டைக் கொண்டுபோய்க் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வைத்தாள். கண்ணில் படாத இடம்.

அவள் கண்ணில் படவில்லை. மாமியார் ஞானப்பூவின் கண்ணில் பட்டது.

"குடிலுக்கு முளை போட்டுட்டுத் தண்ணி காட்டாம வச்சிருக்கியே, ஏம்மா?"

"தண்ணி காட்டக் கூடாதுன்னு சிஸ்டர் உத்தரவு."

"இது என்னடி உத்தரவு? கேப்பைக்குமா ஒருசந்தி விரதம்?"

மெட்டில்டா உள்ளே போனாள். சோறு வடித்தாள். துணி மடித்தாள். ரேடியோவைப் போட்டாள்.

சாயங்காலம் துணி எடுக்கக் கொல்லைக்குப் போனவள், எட்டிப் பார்க்காமல்தான் நின்றாள். ஆனால் ஈர மண்ணுக்கு ஒரு நிறம், காய்ந்த மண்ணுக்கு ஒரு நிறம். அது கடைக்கண்ணிலேயே தெரிந்துவிடுகிறது.

ஒரு கை தண்ணீர் தெளித்தாள். ஒரே ஒரு கை. தெளித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தாள்.

அதற்கப்புறம் அவளால் நிறுத்த முடியவில்லை. பாத்திரம் கழுவப் போனால் ஒரு கை. முகம் கழுவப் போனால் ஒரு கை. தூறல் போட்டபோது நனைந்துகொண்டே ஓடித் தட்டை அடுப்படிக்குள் கொண்டுவந்தாள். மழை நின்றதும் மறுபடி வெளியே வைத்தாள். காக்கை வரும் என்று ஒரு சல்லடையைக் கவிழ்த்தாள்.

"எனக்கு ஒரு டம்ளர் காப்பிக்கு இவ்வளவு ஓட்டம் இல்ல," என்றாள் ஞானப்பூ.

*

இரண்டாவது ஞாயிறு வெறுங்கையோடு போனாள்.

"தோத்துட்டேன், சிஸ்டர்."

"தண்ணி ஊத்தினீங்களா?"

"ம்."

"எத்தனை தடவை?"

"அதெல்லாம் கணக்கு இல்ல."

சிஸ்டர் பாறைக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். பழுப்பும் பச்சையும். மூக்கு நுனியிலும் பச்சை.

"தாகமா இருக்குன்னு கேப்பை கூப்பிட்டுச்சா?"

"கிண்டல் பண்ணாதீங்க. நீங்க குடுத்த வித்தை எனக்கு வரல. வேற ஏதாவது சொல்லுங்க."

"எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். இன்னும் ஒரு வாரம் முயற்சி பண்ணிப் பாருங்க."

"முயற்சி பண்ணி?"

"நல்லாத் தோத்துட்டு வாங்க."

*

மூன்றாவது ஞாயிறு. திருவருகைக் கால வளையத்தில் ரோஜா நிற மெழுகுவர்த்தி ஏற்றுகிற ஞாயிறு. பூசை முடிந்து ஆட்கள் போய்விட்டார்கள்.

மெட்டில்டா தட்டோடு வந்தாள். ஆலயத்தின் நடுவில் அதைத் தரையில் போட்டாள். மண் சிதறியது. ஒரு வாடை எழுந்தது.

முளைத்திருந்தது. விரல் உயரத்துக்கு வெளிறி முளைத்து, முளைத்ததெல்லாம் சாய்ந்து, வேரில் வெள்ளையாய்ப் பூசணம் படர்ந்து அழுகிக் கிடந்தது. அவ்வளவு தண்ணீர்.

"எடுத்துக்கோங்க. என் கை பட்டா இப்படித்தான்."

சிஸ்டர் குனிந்து பார்த்தாள்.

"இதுக்குத்தானே குடுத்தீங்க? இதைக் காட்டத்தானே? போன தடவையும் இப்படித்தான். பார்த்துப் பார்த்து, பார்த்துப் பார்த்து..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "உனக்கென்ன அமலி? பெத்தவளுக்குத்தானே தெரியும். நீ காகிதத்துல பாறை பண்ணு."

சொன்ன பிறகுதான் 'நீ' என்று சொன்னது காதில் விழுந்தது. சிஸ்டர் முகம் மாறவில்லை.

"ஆமாக்கா," என்றாள். "எனக்குத் தெரியாது."

சிதறிய மண்ணைக் கையால் கூட்டித் தட்டில் அள்ளினாள். தட்டை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே நடந்தாள். மெட்டில்டா நின்றாள். பிறகு அவளும் போனாள், மன்னிப்புக் கேட்கவா இன்னும் திட்டவா என்று தெரியாமலே.

ஆலயத்துக்குப் பின்னால் வேலியோரம் இன்னும் இரண்டு தட்டு கிடந்தது. இரண்டிலும் அழுகிய முளை.

"இது யாரோடது?"

"என்னோடதுதான். ஒண்ணு மழையில போச்சு. ஒண்ணு உங்களை மாதிரியே, அதிகமா ஊத்திட்டேன். வருஷா வருஷம் இப்படி ஆகும்."

"அப்புறம்?"

"அப்புறம் மறுபடி போடுவேன்."

சிஸ்டர் தட்டை உதறிக் கழுவினாள். புது மண் அள்ளிப் போட்டாள். இடுப்பிலிருந்த சுருக்குப் பையிலிருந்து ஒரு பிடி கேழ்வரகு எடுத்துத் தூவினாள்.

"அதுவும் அழுகினா?"

"குடில் மொட்டையா இருக்கும். பெத்லகேம்ல புல்லு இருந்துச்சா, கட்டாந்தரையான்னு யாரு பார்த்தா?"

"நான் புல்லைப் பத்திக் கேக்கல."

"தெரியும்க்கா."

மேலே மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. சிஸ்டர் விதையின் மேல் மெல்லிசாக மண் தூவி, உள்ளங்கையால் அமர்த்தினாள். வெகு நேரம் அமர்த்திக்கொண்டே இருந்தாள்.

"நீங்க கேக்கிறதுக்கு எனக்குப் பதில் தெரியாது," என்றாள். "நான் ஒண்ணு கேக்கட்டுமா?"

மெட்டில்டா நிமிர்ந்து பார்த்தாள்.

"மூத்த பிள்ளைக்கு என்ன பேரு யோசிச்சு வச்சிருந்தீங்க?"

அடக்கம் செய்த அன்றைக்குக்கூட யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டால் மெட்டில்டா தாங்கமாட்டாள் என்று நினைத்திருப்பார்கள்.

"பிரகாசி."

"பிரகாசி," என்றாள் சிஸ்டர். சரியாக, ஒரு பிள்ளையைக் கூப்பிடுவது போல. "எப்படி இருப்பா?"

"எப்படி இருப்பான்னா? முகத்தைத் துணி விலக்கி ஒரு தடவைதான்..."

"அது இல்ல. உள்ள இருந்தப்ப."

மெட்டில்டா வேலியோரம் கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

"அவ சீக்கிரமே எந்திரிச்சிருவா," என்றாள். "நான் பல்லு விளக்கக் குனிஞ்சா போதும், உள்ள இருந்து ஒரு முட்டு. புளிப்பு ஏதாவது சாப்பிட்டா குதிப்பா. கோயில்ல பாட்டு ஆரம்பிச்சா அப்படியே அடங்கிருவா, பாட்டு முடிஞ்சதும் பிரசங்கத்துல ஆரம்பிப்பா, சாமியாரைப் பிடிக்கலை போல. அவரு பஸ் தெருமுனையில ஹாரன் அடிப்பாரு இல்ல? அடிச்ச உடனே ஒரு உதை. வலது பக்கம்தான். எப்பவும் வலது பக்கம்தான். எங்க அத்தை சொல்லுவாங்க, இவ அப்பன் பிள்ளைன்னு..."

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கிறோம் என்பதே தெரியாமல். ஒன்று சொல்ல, அதைத் தொட்டு இன்னொன்று வந்தது. உள்ளே பிள்ளைக்கு விக்கல் எடுத்தது. ஒருநாள் பகலெல்லாம் தூங்கி, இவளைக் கலங்கடித்துவிட்டு, விளக்கு வைத்ததும் ஒன்றும் நடக்காதது போலப் புரண்டது. மாங்காய்க்கு ஏங்கியது யார், தானா அவளா என்று சண்டை போட்டது. யாரிடமும் சொல்லாமல் இத்தனை நாள் அதெல்லாம் எங்கே இருந்ததோ.

சிஸ்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் மெட்டில்டா பேச்சை நிறுத்திக் கண்ணைத் துடைத்தாள்.

சிஸ்டர் மண் ஒட்டிய விரலை நீட்டினாள். முந்தானைக்குக் கீழே, உருண்டு திரண்டு நின்ற வயிற்றைப் பார்த்து.

"இது எப்படி?"

மெட்டில்டா வாயைத் திறந்தாள்.

திறந்தபடியே இருந்தாள்.

*

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள். ரேடியோவைப் போடவில்லை.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

பிறகு, விலா எலும்புக்குக் கீழே, உள்ளிருந்து யாரோ கதவைத் தோளால் தள்ளுவது போல, மெதுவாக ஒன்று புரண்டது.

இது வேறு ஆள். அது முதல் நாளே தெரிந்துவிட்டது.

இதற்கு விடிகாலை ஆகாது. பல்லு விளக்கும்போது அசையாது. ஹாரன் சத்தத்தை மதிப்பதே இல்லை. அவள் புருஷன் ராயப்பன் தெருமுனையில் எவ்வளவு அடித்தாலும் அது பாட்டுக்குத் தூங்கும். ஆனால் மத்தியானச் சோறு உள்ளே போனதும் ஒரு முழுப் புரளல், தவறாமல். இன்னொன்றும் இருந்தது. அதைக் கண்டுபிடித்தபோது மெட்டில்டாவுக்குத் தனியாக உட்கார்ந்து சிரிப்பு வந்தது. மாமியார் யாரையாவது திட்டினால் இது உதைத்தது. பால்காரனைத் திட்டினால் ஒரு உதை. பக்கத்து வீட்டு ஆட்டைத் திட்டினால் இரண்டு.

பயம் குறையவில்லை. பயம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதையும் பக்கத்தில் போட்டுக்கொண்டுதான் படுத்தாள், கவனித்தாள்.

ஆனாலும் ஒரு துணிகூட வாங்கவில்லை. பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. ராயப்பன் கேட்கலாமா என்பது போல இரண்டு தடவை பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

*

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். ஊரெல்லாம் வாசலில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மெட்டில்டா மத்தியானம் ரசமும் அப்பளமும் போட்டுச் சாப்பிட்டாள். படுத்தாள்.

அது புரளவில்லை.

வலது பக்கம் திரும்பிப் படுத்தாள். மறுபடி இடது பக்கம். எழுந்து சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தாள்.

ஒன்றுமில்லை.

கொல்லைக்குப் போனாள். ஞானப்பூ முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, யாரையாவது திட்டுங்க."

"என்னது?"

"திட்டுங்க அத்தை. சத்தமா."

ஞானப்பூ மருமகளின் முகத்தைப் பார்த்தாள். அவள் இரண்டு கையும் வயிற்றில் இருப்பதைப் பார்த்தாள். கீரையைக் கீழே போட்டாள். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல், பக்கத்து வீட்டு ஆட்டை, அதை வளர்த்தவனை, அவன் பரம்பரையை, தெருவே திரும்பிப் பார்க்கும்படி, குரல் உடைகிற வரைக்கும் திட்டினாள்.

மெட்டில்டா காத்திருந்தாள்.

"இல்ல அத்தை," என்றாள்.

ராயப்பன் வண்டியில் இருந்தான், போனை எடுக்கவில்லை. சிஸ்டர் அமலி முதல் மணியிலேயே எடுத்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. பங்குச் சாமியாரின் ஜீப் வாசலில் வந்து நின்றபோது ஸ்டியரிங்கெல்லாம் மைதாப் பசை.

"கடைசியா எப்ப அசைஞ்சுது?"

"காலையில. அத்தை பால்காரனைத் திட்டினப்ப. அதுவும் லேசா. எப்பவும் அப்படி லேசா இருக்காது."

"நிச்சயமாவா?"

"எனக்குத் தெரியாதா?" என்று சீறினாள் மெட்டில்டா.

சிஸ்டர் ஹாரனை அழுத்தினாள். எதிரே வைக்கோல் லாரி. அதற்கும் அழுத்தினாள்.

"செபம் சொல்லுங்க, சிஸ்டர்."

"எனக்கு ரோட்டைப் பார்க்கவே கண்ணு பத்தல. நீங்க சொல்லுங்க."

மெட்டில்டா கண்ணை மூடினாள். கான்வென்ட்டில் பத்து வருஷம் மனப்பாடம் செய்தது ஒன்றும் வரவில்லை. பரலோகத்தில் இருக்கிற என்பதற்கு அடுத்த வார்த்தைகூட வரவில்லை. வயிற்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"ஏ பிள்ளை," என்றாள்.

அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"ஏ பிள்ளை. எந்திரி. அம்மாதான் கூப்பிடுறேன். எந்திரிடா."

*

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வயிற்றில் குளிர்ச்சியாக எதையோ தடவினாள். சின்ன மெஷினை வைத்து இங்கே தேடினாள். அங்கே தேடினாள். மெஷினிலிருந்து காற்றடிக்கிற சத்தம் மட்டும் வந்தது.

போன தடவையும் இப்படித்தான் தேடினார்கள். மெட்டில்டா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டரின் கை எங்கே என்று பார்க்காமலே தேடிப் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸ் மெஷினை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினாள்.

குதிரை ஓடுவது போல ஒரு சத்தம். வேகமாக. நிற்காமல்.

"இந்தா இருக்கு," என்றாள் நர்ஸ். "இங்க ஒளிஞ்சிருக்கு."

மெட்டில்டா அப்போதுதான் அழுதாள்.

டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு வந்தார்.

"பனிக்குடத் தண்ணி ரொம்பக் குறைஞ்சு போயிருக்கு. அதான் பிள்ளையால புரள முடியல. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மாமியார் திட்டினாங்க, டாக்டர். உதைக்கல."

டாக்டரம்மா சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டினாள், இது எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்தானே என்பது போல.

"இன்னும் ரெண்டு மூணு நாள் விட்டிருந்தீங்கன்னா நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ராத்திரி பூரா மெஷின் மாட்டிப் பார்த்துக்கிட்டே இருப்போம். காலையில முதல் ஆபரேஷன் உங்களோடதுதான்."

"நல்லா இருக்குமா டாக்டர்?"

"இப்ப நல்லா இருக்கு. மத்ததைக் காலையில பார்ப்போம்."

டாக்டரம்மா போய்விட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, டபடபடபவென்று. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"சிஸ்டர்."

"ம்."

"காலையில... இதுவும்..."

சிஸ்டர் அமலி ஸ்டூலை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். இரண்டு காலையும் தூக்கிக் கட்டில் சட்டத்தில் வைத்துக்கொண்டாள், இன்றைக்கு எங்கேயும் போகிற வேலை இல்லை என்பவள் போல.

அப்போது ராயப்பன் வந்தான். காக்கிச் சட்டை முழுக்க மழை. கையில் வண்டிச் சாவி. வாசலில் நின்று மெஷின் சத்தத்தைக் கேட்டான். அது என்ன சத்தம் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"டாக்டர் சொன்னாங்க," என்றான். "காலையிலயாமே."

அவள் தலையாட்டினாள்.

அவன் தரையைப் பார்த்தான். சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். அவனுக்கு ஏதோ கேட்க வேண்டியிருந்தது. கேட்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

மெட்டில்டா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டூலில் சிஸ்டர் கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாளா, செபிக்கிறாளா தெரியவில்லை. டபடபடப என்றது மெஷின்.

"ஏங்க," என்றாள். "உங்க பழைய வேட்டி ஏதாவது வீட்ல இருக்கா?"

"வேட்டியா?"

"நல்லா நைஞ்சது. மெத்துன்னு இருக்கணும்."

"பச்சைக் கரை ஒண்ணு இருக்கு. அதை நான் வண்டி தொடைக்க எடுத்துட்டேனே..."

"கருமம். வேற?"

"கல்யாண வேட்டி இருக்கு."

"அதை எடுங்க. நாலாக் கிழிங்க. வெந்நீர்ல அலசுங்க. சோப்பு வேண்டாம், பச்சை உடம்புக்கு ஆகாது."

அவன் கண் நிரம்பிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் ஜன்னல் பக்கம் திரும்பினான். வெளியே மழை சாய்த்து அடித்துக்கொண்டிருந்தது.

"இந்த மழையில எங்க காயப்போடுறது, மெட்டில்டா?"

"வீட்டுக்குள்ள கொடி கட்டுங்க," என்றாள் மெட்டில்டா. "ஃபேனைப் போட்டு விடுங்க. விடியறதுக்குள்ள காஞ்சிரும்."